விடியும்வரை வைக்கக் கூடாத இறைச்சி

வால்தம்ஸ்டோவில் தயாளினியின் வீட்டுக்குப் போய்ப் பழகியவர்கள், அங்கே ஐஸ்கிரீம் பெட்டியைத் தாங்களாகத் திறக்க மாட்டார்கள். வெளியே வனிலா என்று போட்டிருக்கும், உள்ளே கணவாய்க் கறி இருக்கும். ஸ்ட்ராபெரிப் படம் போட்ட மூடிக்குக் கீழே போன கிறிஸ்மஸின் ஆட்டிறைச்சிப் பிரட்டல் பனி மூடிக் கிடக்கும். குசினியில் ஒரு ஃப்ரீசர், பின்வளவுக் கொட்டிலில் ஆள் படுக்கக்கூடிய அளவில் இன்னொன்று. எதில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை. பெட்டியைக் கையில் எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், சொல்லிவிடுவாள்.

"லண்டனில கெட்டுப்போகாமல் இருக்கிறது நீரும் உம்மட கறியும்தான்" என்று கணவன் நேசராசா பகிடி விடுவார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். பகிடி விடாமல் ஒரு பின்னேரத்தைக் கழிக்க அவரால் ஏலாது.

தயாளினி அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. ஒரு பள்ளிக்கூடக் குசினியில் வேலை. பிள்ளைகள் தின்னாமல் தள்ளிவிட்ட உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் மலைபோலக் குப்பைக்குள் கொட்டப்படும் நேரத்தில், ஏதோ தட்டுக் கழுவுவதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்க அவளால் முடியாது. பதினாறு வயதில், ஊரில் சண்டை வந்து இடம்பெயர்ந்து கிடந்தபோது, மத்தியானச் சோற்றில் பாதியை இரவுக்கென்று மறைத்து வைக்கும் பொறுப்பு அவளிடம் இருந்தது. தங்கை பிரசாந்தினி காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் பானை திறக்காது. படிப்பு அந்த வருடத்தோடு நின்றுபோனது. பானையை மூடி வைக்கும் பழக்கம் நிற்கவில்லை, கடல் தாண்டி வந்து ஃப்ரீசருக்குள் ஏறிக்கொண்டது.

லண்டனுக்கு வந்து நேசராசாவைக் கட்டியபோது அவள் அவருடைய கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினாள். பிரசாந்தினி சைவ சமயத்திலேயே இருந்து, மினிகாப் ஓட்டும் ரதீசனைக் கட்டி ஃபாரஸ்ட் கேட்டில் குடியேறினாள். அதனால் ஒரு குறையும் வரவில்லை. அக்கா வீட்டுக் கிறிஸ்மஸ் கேக்கைத் தங்கைதான் வெட்டுவாள். தங்கை வீட்டுப் பொங்கலை அக்காதான் கிண்டுவாள். மதம் பிரிக்காத சகோதரிகளை ஒரு தட்டு ரோல்ஸ் பிரித்துவிட்டது.

நடந்தது இதுதான். எட்மண்டனில் ஒரு முதியவர் இறந்துபோனார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைத்து, சொந்தபந்தம் கூடிச் சாப்பிடுவது வழக்கம். அந்த மனிதருக்கு அவித்த முட்டை வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் என்றால் உயிராம். தயாளினியிடம் சொல்லிச் செய்வித்தார்கள். ஒரு தட்டு படையலுக்குப் போனது, மற்றது பந்திக்குப் போனது, மிஞ்சியது தயாளினியின் ஃப்ரீசருக்குப் போனது. சில கிழமைகள் கழித்துப் பிரசாந்தினியின் மகள் ஜதுர்ஷிகா பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வந்தது. "அக்கா, கொஞ்சம் ரோல்ஸ் கொண்டு வா" என்று தங்கை கேட்டாள். அக்கா கொண்டு போனாள்.

மண்டபம் நிறைய ஆட்கள். மேடையில் பிள்ளை பட்டுச் சேலையில் பொம்மைபோல இருக்கிறாள். முன்வரிசையில் தயாளினியின் சபைக்காரி சுசிலா ஒரு ரோல்ஸைக் கடித்தாள். சுசிலாவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படாது. வாய்க்குள் இருந்ததை விழுங்காமலே சொன்னாள்:

"அட, இது எட்மண்டன் எட்டுச் செலவில திண்ட ரோல்ஸ் எல்லோ! அந்தாளுக்கெண்டு முட்டை வைச்சுச் செய்தது!"

சுசிலாவின் மனதில் ஒரு கெடுதலும் இல்லை. ரோல்ஸைப் பாராட்டத்தான் சொன்னாள். ஆனால் அந்த வரிசையில் கைகள் எல்லாம் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டன.

குசினிக் கதவுக்குப் பின்னால் பிரசாந்தினி அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "செத்த ஆளுக்குச் செய்ததையோ என்ர பிள்ளையின்ர நல்ல நாளுக்குக் கொண்டு வந்தனி?"

"படைச்சது வேற தட்டடி. இது மிஞ்சினது. சூடாக்கினால் எல்லாம் ஒண்டுதானே" என்றாள் தயாளினி. அந்த நேரத்தில் அவள் மனதாரச் சொன்னதும் அதுதான். கெட்டுப்போகாத சாப்பாட்டில் என்ன குற்றம்?

அதற்குப் பிறகு நாலு வருடம் இருவரும் கதைக்கவில்லை.

இந்த வருடம் பங்குனியில் நேசராசாவுக்கு இதயத்தில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை. அவரைத் தள்ளிக்கொண்டு போன கதவுக்கு வெளியே இருந்துகொண்டு தயாளினி கடவுளிடம் சொன்னாள்: இவர் நடந்து வீட்டுக்கு வந்தால் ஊரைக் கூட்டி நன்றிப் பலி குடுப்பன். ஆஸ்பத்திரி நடையில் கிடந்த வாங்கில் பெஞ்சில் இருந்தபோது அவளுடைய கை பழக்கத்தில் இரண்டு தரம் போனில் தங்கையின் இலக்கத்தைத் தேடியது. இரண்டு தரமும் கையை இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் சகோதரியின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் தனக்கு எது இல்லை என்று தயாளினிக்கு முழுதாகத் தெரிந்தது.

நேசராசா நடந்துதான் வந்தார். வரும்போதே, பைபாஸ் ரோட்டில் தான் இதுவரை பஸ்தான் பழுது பார்த்திருப்பதாகப் பகிடி.

ஆவணியில் எட்மண்டனில் சிவானந்தன் வீட்டு வேதப்பாட வகுப்பில் பலிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார்கள். சிவானந்தன் கிழமை நாட்களில் பார்சல் வான் ஓட்டுவார், மற்ற நேரத்தில் சபை நடத்துவார். தயாளினி வழக்கம்போலக் கதவோரக் கதிரையில் இருந்தாள்.

"இஸ்ரவேலர் முழுக்க எரிச்சுக் குடுத்த பலி ஒண்டு இருக்கு. அதில ஆருக்கும் ஒரு துண்டும் இல்லை, எல்லாம் கடவுளுக்கு" என்றார் சிவானந்தன். "பாவத்துக்கெண்டு குடுத்தது வேற. இண்டைக்குப் பாக்கிறது சமாதான பலி. கொழுப்பும் குண்டிக்காயும் பலிபீடத்துக்கு. நெஞ்சும் வலது தொடையும் ஆசாரியருக்கு. மிச்சம் கொண்டு வந்தவனுக்கும் வீட்டாக்களுக்கும். கடவுளும் ஆசாரியரும் வீட்டுக்காரரும் ஒரே ஆட்டில சாப்பிடுகினம். ஒரே பந்தி. விளங்குதோ?"

"நல்ல சாமானெல்லாம் மேல போகுது" என்றார் நேசராசா.

"அதிலயும் நன்றி சொல்லக் குடுத்தது எண்டால், இறைச்சியை அண்டைக்கே சாப்பிட்டு முடிக்க வேணும். விடியுமட்டும் ஒரு துண்டும் வைக்கக் கூடாது."

அறையில் இருந்த தலைகள் எல்லாம் மெல்லக் கதவோரக் கதிரையின் பக்கம் திரும்பின.

"தயா, நீர் மோசேயின்ர காலத்தில இருந்திருந்தால் உம்மைக் கல்லெறிஞ்சே கொன்றிருப்பினம்" என்றாள் சுசிலா. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தயாளினியும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் வைக்கக் கூடாது? ஃப்ரீசர் இல்லை எண்டோ?" என்று கேட்டார் நேசராசா.

"உப்புப் போட்டுக் காய வைக்க அவைக்குத் தெரியாதே அண்ணை? விஷயம் அதில்லை. ஒரு முழு ஆட்டை ஒரு வீட்டால ஒரு நாளில தின்ன ஏலுமோ? ஏலாது. அப்ப ஆக்களைக் கூப்பிட வேணும். பக்கத்து வீடு, இல்லாதவன், வழியில போறவன் எல்லாரையும். கடவுள் எனக்கு இன்னது செய்தவர் எண்டு சொல்லிச் சொல்லிப் போட வேணும். வைச்சுத் தின்னலாம் எண்டு விட்டால் ஆர் கூப்பிடப் போயினம்? நேர்ந்து குடுத்ததெண்டால் மட்டும் அடுத்த நாளும் சாப்பிடலாம்."

"அப்ப எங்கட கணக்கு நேர்த்திதானே? ரெண்டு நாள் இருக்கு, தயா!" என்றார் நேசராசா.

"இல்லை. நான் நன்றி எண்டுதான் சொன்னனான்" என்றாள் தயாளினி. பிறகு, அந்த வகுப்பில் முதல்தடவையாக, ஒரு கேள்வி கேட்டாள். "பலிபீடத்தில வைக்காத இறைச்சி... அது சும்மா மிச்சம்தானே? அதுக்கு ஏன் இவ்வளவு சட்டம்?"

"மிச்சம் இல்லை. ஆட்டை எதுக்கெண்டு கொண்டு வந்தினமோ, முழு ஆடும் அதுக்குத்தான். வைச்ச துண்டும் வைக்காத துண்டும் ஒண்டு. அந்த நாளைத் தாண்டிச் சாப்பிட்டால் அதே இறைச்சி அருவருப்பு, சாப்பிட்டவனுக்குக் குற்றம். பழுதாப்போகாட்டிலும் குற்றம்தான்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் இருவரும் மட்டும்தான்.

"என்ன, ஆட்டை நினைச்சுப் பயமோ?" என்றார் நேசராசா.

"ரோல்ஸை நினைச்சனான். ஒரே மாவில, ஒரே எண்ணெயில, அந்த மனிசனுக்கெண்டு பொரிச்சது. தட்டை மாத்தினால் ஆளும் மாறுமே? அவள் சொன்னது சரி. எனக்குத்தான் நாலு வருஷமா விளங்கேல்ல."

நேசராசாவுக்கு உடனே ஒரு பகிடி வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டார்.

விருந்துக்கு ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். சபை ஆட்கள் ஷிப்டை மாற்றி வைத்தார்கள். இறைச்சிக் கடையில் முழு ஆட்டுக்குச் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு தயாளினி கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஃப்ரீசருக்கு மேலே இருந்து, தங்கைக்குப் போன் எடுத்தாள்.

"ஆர்?"

"நான்தான்."

பதறிய குரல் வந்தது: "அத்தானுக்கு என்ன? ஆரும் செத்துப்போட்டினமோ?"

"இல்லையடி, அவர் நல்லா இருக்கிறார். ஒப்பரேசன் முடிஞ்சு சுகம். அதுக்கு ஒரு நன்றிச் சாப்பாடு. நீயும் பிள்ளையும் ரதீசனும் வர வேணும். பழசு ஒண்டும் இல்லை. முழு ஆடு, புதுசா அடிச்சு, அண்டைக்கே சமைச்சு—"

"எப்ப?"

"வாற சனி."

"வாற சனி என்ன சனி எண்டு தெரியுமோ?"

தயாளினிக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது, ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க முடியவில்லையே. புரட்டாதிச் சனி. சனீசுவரனுக்கு விரதம். தங்கை வீட்டில் மீன், இறைச்சி சமைக்கும் மச்சச் சட்டியைக் கண்ணில் காட்டாத நாள்.

"மற்ற முறை செத்த ஆளின்ர ரோல்ஸ். இந்த முறை விரதத்தில ஆட்டிறைச்சி. உனக்கு என்னைக் கண்டால் என்ன செய்யுது?" என்றாள் பிரசாந்தினி, போனை வைத்துவிட்டாள். தயாளினி மன்னிப்பை இன்னும் கேட்டிருக்கவில்லை.

நாளை மாற்றவும் வழி இல்லை, அத்தனை பேர் ஷிப்ட் மாற்றியிருந்தார்கள். நேசராசா, "விடும். பிறகொரு நாள் கூப்பிடலாம்" என்றார். பிறகொரு நாள் என்ற சொல்லைக் கேட்கவே தயாளினிக்குப் பிடிக்கவில்லை. அவள் வீட்டில் எல்லாமே பிறகொரு நாளுக்கென்று இருந்தவைதான்.

அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது சிவானந்தனுக்குப் போன் எடுத்தாள்.

"சொல்லுங்கோ தயா. நான் நாலாம் மாடியில, பெட்டியோட நிக்கிறன், லிஃப்டும் வேலை செய்யேல்ல."

"ஆடு குடுக்க வழியில்லாதவன் என்ன செய்தவன்?"

"ரெண்டு புறா கொண்டு வருவான்."

"புறாவும் சரிவராத ஆள் எண்டால்?"

"மா. நல்ல மா. வெறும் மாவைக் கொண்டு போனாலும் கடவுள் ஏற்றுக்கொண்டவர்... ஏன், ஆர் அந்த ஆள்?"

"சும்மா கேக்கிறன். மாவும் பலியோ?"

"பலிதான். எண்ணெய் விட வேணும், உப்புக் கட்டாயம். புளிச்ச மாவும் தேனும் எரிக்கக் கூடாது. இன்னொண்டு சொல்லட்டோ? உங்கட நன்றிப் பலி இருக்கெல்லோ, அதில ஆட்டோட எண்ணெய் விட்டுப் பிசைஞ்ச ரொட்டியும் வைக்க வேணும். ஆடு மட்டும் கொண்டு போகேலாது. ரொட்டி இல்லாட்டி அது குறைப் பலி. வைக்கிறன், ஆள் கதவைத் திறந்திட்டார்!"

தயாளினி பஸ் தரிப்பில் நின்று அதை இன்னொரு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ரொட்டி இல்லாட்டி குறை. அன்று வீட்டுக்குப் போக முன் கடைக்குப் போய்ப் புதுச் சட்டி, புதுத் தோசைக்கல், புதுக் கரண்டி வாங்கினாள். பிறகு வாட்ஸ்அப்பில் தங்கைக்குப் பேசி அனுப்பினாள். நேருக்கு நேரே கதைப்பதைவிட அது அவளுக்கு லேசு. ஆனாலும் பல முறை பேசிப் பேசி அழித்தாள்.

"பிரசா, அக்கா. அந்த ரோல்ஸ் என்ர பிழை. மிஞ்சினது எண்டு நான் நினைச்சது பிழை. அது அந்த மனிசனுக்கெண்டு செய்தது, அவரோடயே முடிஞ்சிருக்க வேணும். பிள்ளைக்கெண்டு ஒரு நாள் வந்தது, அதுக்கு நான் புதுசா ஒண்டும் செய்யேல்ல. சனிக்கிழமை ஆட்டுக்கு உன்னைக் கூப்பிடேல்ல. உனக்கு ரொட்டியும் மரக்கறியும். இறைச்சி வீட்டுக்குள்ள வர முந்தி, முழுகிப்போட்டு, புதுச் சட்டியில சமைப்பன். நீ வந்தால்தான் இது முழுசு. வராட்டிலும் சமைப்பன்."

நீலக் கோடு இரண்டு விழுந்தது. பதில் வரவில்லை.

சனிக்கிழமை விடியவே எழும்பித் தலைக்கு முழுகினாள். மாவுக்கு எண்ணெயும் உப்பும் போட்டுப் பிசைந்து ரொட்டி தட்டினாள். பூசணிக்காய், பயற்றங்காய், பருப்பு. எல்லாவற்றையும் மூடி முன்னறை மேசையில் தனியாக வைத்த பிறகுதான் நேசராசா இறைச்சியைக் காரிலிருந்து இறக்க அவள் விட்டாள். அவர் அதுவரை வாசலில் ஆட்டோடு காவல் நின்றார்.

மத்தியானம் வீடு நிரம்பியது. சிவானந்தன் செபித்தார். நெஞ்சுத் துண்டும் வலது தொடையும் அவருக்குத்தான் என்று நேசராசா அடம்பிடித்து அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் குவித்துவிட்டார். "இவ்வளவும் திண்டால் நானும் உங்கட டொக்டரிட்டைத்தான் போக வேணும் அண்ணை" என்று சிவானந்தன் கும்பிட்டார். சுசிலா இரண்டு தரம் சோறு போட்டாள். தயாளினி, கதவு மணி அடிக்கும்போதெல்லாம் அகப்பையோடு எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ. பக்கத்து வீட்டுக் கானா நாட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள், அவள் தம்பியையும் கூட்டி வந்தாள். எதிர்வீட்டுப் போலந்துக்காரர் தயங்கி வந்து, உறைப்பில் அழுதுகொண்டு, இன்னும் கேட்டார். இருபது வருடமாகத் தலையாட்டி மட்டும் பழகிய மனிதர்களிடம் தயாளினி, தன் கணவனின் நெஞ்சைக் காட்டிக் காட்டி, கடவுள் செய்ததைத் தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லச் சொல்லக் கூச்சம் குறைந்தது.

பின்னேரம் ஆறு மணிக்குச் சட்டியில் அடிப்பக்கம்தான் மிச்சம். முன்னறை மேசையில் மூடி வைத்தது அப்படியே இருந்தது.

"தயா, ஒரே ஒரு பெட்டி. கடவுள் கொட்டிலுக்குள்ள எட்டிப் பாக்க மாட்டார்" என்றார் நேசராசா.

அவள் பதில் சொல்ல முன் மணி அடித்தது. பிரசாந்தினி நின்றாள், நெற்றியில் திருநீறு, கையில் எள்ளெண்ணெய் வாசம். பின்னால் ஜதுர்ஷிகா, தாயையும் பெரியம்மாவையும்விட உயரமாக.

"கோயிலில சனீசுவரனுக்கு எண்ணெய் எரிச்சுப்போட்டு வாறன். இன்னும் சாப்பிடேல்ல" என்றாள் பிரசாந்தினி. செருப்பைக் கழற்றவில்லை. "எந்தச் சட்டி?"

"புதுசு. இறைச்சிக்குக் கிட்டக் கொண்டு போகேல்ல."

"பயப்பிடாமல் வா பிரசா" என்று உள்ளேயிருந்து சுசிலாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "இண்டைக்கு ரோல்ஸ் இல்லை!"

தயாளினிக்கு உயிர் போய் வந்தது. பிரசாந்தினியின் உதடு இறுகியது. ஜதுர்ஷிகாதான் முதலில் சிரித்தாள். "பெரியம்மா, அண்டைக்கு நான் நாலு சாப்பிட்டனான். தே வேர் சோ குட். அம்மாக்குச் சொல்லேல்ல."

"நாலோ?" என்று பிரசாந்தினி திரும்பினாள்.

"பிள்ளை, அது உனக்கெண்டு செய்தது இல்லை. அது என்ர பிழை" என்று தயாளினி தங்கை மகளின் கையைப் பிடித்தாள். "வா, இது உனக்கெண்டு செய்தது."

பிரசாந்தினி செருப்பைக் கழற்றினாள். முன்னறையில் இருந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்து, பூசணிக்காயில் தொட்டுச் சாப்பிட்டாள். இரண்டாவது ரொட்டிக்குப் பிறகு, "உப்புக் கொஞ்சம் கூட" என்றாள். மூன்றாவதையும் எடுத்தாள். தயாளினி எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரதீசனுக்குக் கொஞ்சம் கட்டித் தா. இன்னும் மினிகாப் ஓட்டத்தில நிக்கிறார்" என்றாள் பிரசாந்தினி கை கழுவிக்கொண்டு.

தயாளினி திகைத்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு தங்கை ஒன்று கேட்கிறாள், இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் அவர் எப்போது வீட்டுக்குப் போவாரோ, எப்போது சாப்பிடுவாரோ. "கட்டித் தர ஏலாதடி" என்றாள் மெதுவாக. "இண்டைக்குள்ள, இங்கேயே சாப்பிட வேணும். விடியுமட்டும் இருக்கக் கூடாது. இது அப்பிடியான சாப்பாடு."

அக்காவின் வாயிலிருந்தா இது வருகிறது என்று பிரசாந்தினி ஒரு கணம் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். "இஞ்சேருங்கோ, காரை நேர அக்கா வீட்டை விடுங்கோ. ஓம், எங்கட அக்கா வீட்டைதான்."

ரதீசன் வந்தார். விரதம் மனிசிக்குத்தான், தனக்கு இல்லை என்று வாசலிலேயே அறிவித்துவிட்டு நேசராசாவுக்குப் பக்கத்தில் இருந்தார். பிரசாந்தினி இறைச்சிச் சட்டிக்குக் கிட்டப் போகாமல், குசினி வாசலில் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, அங்கிருந்தே உத்தரவு போட்டாள்:

"அவருக்கு வெறும் எலும்பைப் போடாதை அக்கா. அடியில கிடக்கிறதை வழிச்சுப் போடு. இன்னும் போடு. அத்தானுக்கும் போடு. என்ன பாக்கிறாய்? விடிய மிஞ்சினால் குற்றம் உனக்குத்தானே!"